கடப்பாக்கத்தில் திரும்பிய கார்

அன்புள்ள கமலியின் அப்பாவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது தொடங்கினால் நீங்களே திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். அதனால் பழையபடியே எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் மழை ஓய்ந்துவிட்டது. மொட்டைமாடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த நாளைக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் காரை விற்றுவிட்டோம். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடவேயில்லம்மா, புதுசாட்டம் கீது" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நீங்கள் ஸ்டாஃப் பஸ்ஸில் போய் வந்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் காரை வாங்கினீர்கள். வாங்கிய கையோடு, "கடலை ஒட்டியே ராமேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வரலாம். ஒரு வாரம். நாம ரெண்டு பேர் மட்டும்" என்றீர்கள். கல்யாணமான நாள் முதல் நாம் இருவர் மட்டும் எங்கே போயிருக்கிறோம்? ஒன்று உங்கள் அம்மா கூட வருவார், இல்லையென்றால் யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போவோம். நான் புடவைகளையெல்லாம் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அடுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்கும் முன்பே சொன்னேன், ராமேஸ்வரம் போகிறோம் என்று.

திருக்கழுக்குன்றம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, கடல் என் பக்கமாகவே கூட வந்தது. நீங்கள் குடியிருப்புத் தெருவில் ஓட்டுவதைப் போல மெதுவாக ஓட்டினீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கடப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பின்னாலேயே ஒரு லாரி வந்து நின்றது.

"இன்னா சார், வண்டிய ஓட்டினு வரியா, தள்ளிகினு வரியா?" என்றார் அந்த டிரைவர். "எம்மா நேரமா ஆரன் அடிச்சிகினு வரேன்."

"முந்திட்டுப் போயேன்பா. யாரு புடிச்சி வெச்சா?"

"எப்டிப் போறது? நடு ரோட்ல இல்ல போய்கினு கீற."

டீக்கடைக்காரம்மாள் சிரித்துக்கொண்டே, "வுடு அண்ணாத்த, பெரியவங்க ஊர் பாக்கப் போறாங்க. உனுக்கின்னா அவசரம், டீ குடி" என்றாள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டீர்கள். சர்க்கரை அதிகம் என்று நினைத்தேன்.

காரில் ஏறியதும் கேட்டீர்கள்: "கேஸ் சிலிண்டரை மூடினியா?"

"மூடியாச்சு."

"நான் பார்க்கலையே."

உங்கள் வேலையிடத்தில் ஒருவர் வால்வை மூடினால் இன்னொருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை நம் சமையலறைக்கும் கொண்டுவந்தவர் நீங்கள். அன்று அவசரத்தில் நீங்கள் வந்து பார்க்கவில்லை, உண்மைதான். நாம் சாவி கொடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியைப் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டீர்கள்.

சிலிண்டர் இறுக்கமாக மூடியே இருந்தது. நாளைக்குக் கிளம்பலாம் என்றீர்கள். அப்புறம் மழை, அப்புறம் முழங்கால், அப்புறம் கமலியின் பிரசவம்.

என் மனதில் தைத்தது அதுவல்ல. திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் மெல்லப் பாடிக்கொண்டே வந்தீர்கள். ஒரு வாரம் என்னோடு தனியாக இருப்பதிலிருந்து தப்பித்த மனிதரின் பாட்டு என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். அப்படித்தானா என்று கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்கும் பழக்கத்தைச் சின்ன வயதில் படித்த கான்வென்ட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான். அதன் பிறகு நீங்கள் எங்கேயாவது போகலாமா என்றாலும், "எதற்கு, வீட்டில் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிடுவேன். உங்கள் கடைசி வருடம்வரை அதே பதில்தான்.

போன மாதம் கமலி என்னை அதே சாலையில் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள். ஒரு லாரி உரசுவதுபோல முந்திச் சென்றது. நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினேன்.

"அப்பா மாதிரியே பண்றியேம்மா" என்று சிரித்தாள்.

"உங்கப்பா எப்போ இப்படிப் பண்ணார்?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்பல்லாம். லாரி வந்தா இறுக்கிக் கண்ணை மூடிக்குவார். ஒருநாள் அவரே சொன்னார், கடப்பாக்கத்துக்கு மேல ஓட்ட எனக்குத் தைரியம் வரலடி, சிலிண்டர்னு ஒரு சாக்கு சொல்லித் திரும்பிட்டேன், உங்கம்மாகிட்ட சொல்லிடாத, சிரிப்பான்னு."

சிரித்திருப்பேனா? சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன். நம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஸ்டேஷன். ராமேஸ்வரம் போகும் வண்டி அங்கே நின்றுதான் போகிறது. இத்தனை வருடமும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருந்தோமே. பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாகவா இருந்தது? அப்படிச் சொல்ல முடியாதபடி நான் எப்படி இருந்தேன்? இதைக் கமலியிடம் கேட்க முடியாது. உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

கமலி வாராவாரம் போன் செய்து, "தனியா இருக்கியே, பயமா இல்லையா? இங்க வந்துடேன்" என்கிறாள். "எனக்கென்ன பயம்?" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். உண்மையில், பின்கதவில் காற்று மோதினால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கும்போது, ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவள் சிரித்தால் சிரிக்கட்டும்.

என்றும் உங்கள் மனைவி,
கமலியின் அம்மா