மறைவு: தக்குவாப்பா, தாய்லாந்து

என் அருமை அண்ணா,

1996 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி. மல்வேர்னில் எங்கள் குசினி மேசையைச் சுற்றி மூன்று பேர்: அம்மா, பிக்கரிங்கிலிருந்து வந்த சித்தப்பா, நான். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உன் படத்தோடு பேப்பரில் நினைவஞ்சலி போட அம்மா இப்போதுதான் சம்மதித்திருக்கிறார்.

தோற்றம்: முல்லைத்தீவு. அதில் சிக்கல் இல்லை. மறைவு என்ற இடத்தில்தான் தடக்கி நின்றோம்.

"பாங்கொக் எண்டு போடு. வெளிநாடு அனுப்பிற ஏஜென்சியாலை வந்த சனம் எல்லாம் பாங்கொக் வழிதானே. உந்தத் தக்குவாப்பாவை ஆருக்குத் தெரியும்?" என்றார் சித்தப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் நாள் முழுக்க பஸ் ஓடவேண்டும். வரைபடம் கீறிச் சம்பளம் வாங்குகிறவன், அண்ணன் செத்த இடத்தைப் பிழையாகக் குறிப்பேனா? சொன்னேன். சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

அம்மா விளம்பரத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "அது எப்பிடியான இடம்?" என்றார்.

இந்த மூன்று வருடத்தில் அம்மா அந்த ஊரைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. காய்ச்சல் என்றும், ஆற்றங்கரைப் புத்த பன்சலையில் எரித்தோம் என்றும் உன்னோடு வெளிக்கிட்டு இங்கே வந்து சேர்ந்தவன் மொன்றியலிலிருந்து சொன்னான். அதற்கு மேல் அம்மா எதையும் கேட்டதில்லை. இடம் தெரிந்தால் நீ இல்லை என்பதும் உறுதியாகிவிடும் என்று பயந்தாரோ?

நூலகத்தில் வாசித்ததைச் சொன்னேன். வெள்ளீயம் தோண்டிய ஊர். சீனர் கட்டிய பழைய கடைத்தெரு இருக்கிறது. ஒருகாலத்தில் ஆற்றில் கப்பல் வந்தது. சுரங்க மண் ஆற்றைத் தூர்த்துவிட, ஊர் வடக்கே தள்ளிப் போய்விட்டது. உன்னை ஏஜென்ட் அடைத்து வைத்திருந்தது பழைய ஊரிலா, புதியதிலா? ஆயிரம் வருடத்துக்கு முன் தமிழன் ஒருவன் அங்கே குளம் வெட்டி, அதைத் தமிழிலேயே கல்லில் பொறித்திருக்கிறான். பூட்டிய அறையில் காய்ச்சலோடு கிடந்த உனக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்?

கல்வெட்டு அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. "ஆறு எங்கை போய் விழுது?" என்றார்.

அட்லஸை விரித்தேன். ஆறு மேற்கே கடலில் விழுகிறது. அடிமட்டத்தை வைத்து அங்கிருந்து நேர் மேற்கே கோடு கீறினேன். நடுவில் முழுக்கக் கடல். கோடு போய் முட்டிய இடம் முல்லைத்தீவுக்குச் சற்றுத் தெற்கே, புல்மோட்டைப் பக்கம்.

அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவினார். "அப்ப எங்கட கடல்தான். தக்குவாப்பா எண்டே போடு. ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்."

அதன்பிறகுதான் அழுதார். சித்தப்பாவும் நானும் தடுக்கவில்லை.

அண்ணா, இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு விளம்பரத்தைக் கொடுப்பேன். ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை விட்டால் சண்டை பிடிப்பேன்.

2. திவசத்துக்கு ஐயரிடம் சொல்லுவேன். அம்மா இனி மறிக்கமாட்டார்.

3. இந்த நாட்டுச் சிற்றிசன்ஷிப் கிடைத்ததும் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். உன்னை எரித்தது ஏஜென்ட் தந்த பாஸ்போட்டிலிருந்த யாரோ ஒருவனின் பெயரில். அந்த ஆற்றங்கரையில் நின்று, அம்மா வைத்த பெயரைச் சொல்லி அம்மாவே உன்னைக் கூப்பிடட்டும்.

உன் ஒரே தம்பி,
நந்தன்