கடற்கரை வீட்டுக்கு வெள்ளையடித்தது

ஹம்பேர்க்,
12.10.2003

அன்புத் தங்கை கலாதேவிக்கு,

எனக்கு இருமலைத் தவிர வேறு குறையில்லை. உனக்கும் மச்சானுக்கும் பிள்ளை பிருந்தாவுக்கும் அந்தக் குறைகூட வேண்டாம் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிறு தொலைபேசியில் நான் சரியாகப் பேசவில்லை என்று கோபித்திருப்பாய். நீ கடைக்குள் நின்று பேசுகிறாய், பின்னால் நாலு பேர் காத்து நிற்கிறார்கள். அங்கே வைத்து இதைச் சொல்ல மனம் வரவில்லை.

அங்கே வந்து போன வெள்ளைக்காரி யோசப்பின் நம் தீவில் என்ன குறை கண்டாள் என்று கேட்டாய். ஒரு குறையும் காணவில்லை, அதுதான் வில்லங்கம். சினிமாப் படம் எடுக்க இடம் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். நான் அதே கொம்பனியில் விளக்குகளை ஏற்றி இறக்குகிற வான் சாரதி. சண்டை ஓய்ந்த கையோடு நீ ஆமி முகாம் வேலியோரம் நின்று எடுத்து அனுப்பினாயே, வேலிக்குள் அகப்பட்ட நம் வீட்டுப் படம், அதைச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குக் காட்டினேன். கூரையில்லாத வீடு, நெருப்பில் கறுத்த முருகைக்கல் சுவர், கூடத்துக்குள் முளைத்த பனை வடலி, பின்னால் கடல். அவள் அதைக் கீழே வைக்கவேயில்லை. கடலைப் பார்த்து மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன், மடையன். அவள் பார்த்தது சுவரை.

வெளிநாட்டுக்காரர் படம் எடுக்க வந்தால் வேலியைத் தள்ளிப் போட்டு வீட்டுக்காரரைக் குடியிருக்க விடுவேன் என்று முகாம் பெரியவர் மச்சானிடம் சொன்ன நாளிலிருந்து நானும் அவளை விடவில்லை. மொரிசியஸ், மாலைதீவு என்று அவள் மேசையில் குவிகிற படங்களுக்கு மேலே நம்முடையதை எடுத்து எடுத்து வைத்தேன். இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் என்று என் அகதிப் பயணப் புத்தகத்தில் அடித்திருக்கிறது. அதனால் அவளோடு வர முடியவில்லை. வந்திருந்தால் அவளுக்கு வேண்டியது என்னவென்று வழியிலேயே அறிந்து, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நமக்கு வேறு என்ன தெரியும்? பெரியவர் உள்ளே விட்ட அந்தக் கொஞ்ச நாளில் வடலியை வெட்டி, கிடுகு வேய்ந்து, சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவரெல்லாம் அடித்து, வாசலில் நிறைகுடமும் வைத்துக் கலியாண வீடாக்கிவிட்டீர்கள். உன் பயற்றம் பணியாரத்தை அவள் இங்கே கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மிகவும் அழகான வீடு லிங்கம், ஆனால் எங்கள் கதையில் ஒருவரும் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை என்றாள். வேறு கடலில் ஒரு தீவைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. எஸ்-பான் ரயிலில் வாசித்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. மச்சான் அவளோடு ஆங்கிலத்தில் பேசி விஷயத்தை விளங்கிக்கொண்டுவிட்டார் போல. "அண்ணை, வெள்ளை அடிச்சதுதான் பிழையெண்டால் கிடுகைக் கொளுத்தி விடுறம். புகை பிடிச்சால் சுவர் பழையபடி கறுத்துப் போகும். தீபாவளிக்குப் பிறகு பெரியவர் ஒருக்கா உள்ளுக்கு விடுவாராம். அவையைத் திரும்ப வரச் சொல்லுங்கோ" என்று எழுதியிருக்கிறாய். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட அந்தத் தாளில் இல்லையே, எப்படியடி எழுதினாய்?

யோசப்பின் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் போய்ச் சொன்னேன். அவள் அதிர்ந்து போனாள். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றாள். அடுத்த நாள் மேலிடத்தில் பேசிவிட்டு வந்து, பழைய படத்தில் இருந்தது போல் இருந்தால் தை மாதத்தில் வரலாம் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கெட்டவள் இல்லை. அவள் வேலை அது.

பெரியவர் எழுத்தில் ஒன்றும் தரவில்லை. அவரை நாளைக்கே மாற்றினாலும் மாற்றுவார்கள். படக்காரர் போன பிறகு வேலி திரும்பவும் முன்னுக்கு வராது என்று யார் சொல்வது? இதையெல்லாம் யோசித்து வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் மச்சானின் தமக்கை வீட்டுப் பின்னறையில் எத்தனை வருடம் ஒடுங்கிக் கிடக்கிறீர்கள். நான் இங்கே சூடான அறையில் இருந்துகொண்டு உனக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

யோசப்பினிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கொண்டுவந்து தந்த படம் என் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பிருந்தா சிரிக்கிறாள். தன் வீட்டை அவள் கண்டது அந்த ஒரு நாள்தானே.

தங்கச்சி, அண்ணன் கேட்பது இவ்வளவுதான். நெருப்பை நீ வைக்காதே. மச்சானும் வைக்க வேண்டாம், வேறு யாரையாவது பிடியுங்கள். பிள்ளையை அன்றைக்கு அந்தப் பக்கமே கூட்டிப் போகாதே. வேலி தள்ளிப் போகும், நீங்கள் உள்ளே குடிபோவீர்கள். போன உடனே திரும்ப வெள்ளையடித்துவிடு. நீலத்தை அதே அளவு போடு. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியக்கூடாது.

கடவுள் உங்கள் மூவரோடும் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
இராசலிங்கம்