கணக்கு வாத்தியாரும் டிரில் மாஸ்டரும்

10-10-57, வியாழன் இரவு

உயர்நிலைப் பள்ளிகளைச் சீர்திருத்தும் அரசாங்கத் திட்டத்துக்காக இன்று சென்னையிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் பள்ளிக்கு வந்தார். திட்டம் அங்கேயே முடிவாகிவிட்டது. பள்ளியைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. நாங்கள் கேட்டது ஒரு கணக்கு வாத்தியார். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்கு ஜூனிலிருந்து ஆள் இல்லை.

இது ஏலக்காய் பறிக்கும் காலம். அந்த வகுப்பில் பாதிப் பேர் குரங்கணி மலைக்கு மேலே காய் எடுக்கப் போய்விட்டார்கள். காலி பெஞ்சைக் கண்டால் வாத்தியாரே தேவையில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்த தலைமையாசிரியர், பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்.

அதிகாரி வகுப்பை நெடுநேரம் பார்த்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வளர்ச்சி போதாது என்று கவலைப்பட்டு, உடனே தேகப்பயிற்சிக்கு ஒரு டிரில் மாஸ்டரை அனுமதித்தார். நாங்களும் தலையாட்டி வைத்தோம்.

ஜீப்பு போனதும் தலைமையாசிரியர் சொன்னார்: "விடுங்கய்யா. வர்ற மாஸ்டருக்குக் கணக்குத் தெரிஞ்சாலும் தெரியும்."

"தெரியாட்டி?" என்றேன்.

"அதான் நீங்க இருக்கீகள்ல."

நான் தமிழாசிரியன். நாளைக்கு முதல் மணியே அல்ஜீப்ரா. ஒரே கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் வேறு வேறு விடை வருகிறது. மார்ச்சில் பரீட்சை எழுதப் போவது பிள்ளைகள். அதிகாரியும் அல்ல, நானும் அல்ல.