பின் சீட்டில் படுத்துப் பார்த்தேன்

சார்,

இன்று காலை ஆவடியில் ஏறி விமான நிலையம் போன ஒரு பெரியவர் பின்னால் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தடவினார். நீங்கள் தடவும் அதே தைலம். வாசனை முன்னால் வந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன்.

"ஏம்பா, தூசி வருதே."

"கொஞ்சம் காத்து வரட்டும் சார்."

பூந்தமல்லி தாண்டும்வரை தூசியிலேயே ஓட்டினேன். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உங்கள் மேல் இருக்கிறது. நீங்கள் செத்து எட்டு மாதம் ஆகியும் அது குறையவில்லை.

உங்கள் காரியத்துக்கு அடித்த அட்டையை வாட்ச்மேன் என் போனுக்கு அனுப்பியிருந்தார். படத்துக்குக் கீழே 'எளியவர்களிடம் அன்பு காட்டியவர்' என்று போட்டிருந்தது. அந்த எளியவர்களில் ஒருவன்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் உங்கள் காரை ஓட்டினேன். என் பெயரைச் சம்பளக் கவரின் மேல் எழுதுவீர்கள், வாயால் சொன்னதில்லை. "டிரைவர், வண்டிய எடு." "டிரைவர், கீயக் குடு." வெளியூர் போனால் இரண்டாவதுதான் அன்றைக்கு நீங்கள் பேசும் கடைசி வார்த்தை. நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவும் லாட்ஜ் மாடி ஏறும்போது சாவியும் உங்களோடு ஏறிவிடும். "சீட்டுல படுத்தா வேர்வ நாத்தம் புடிச்சுக்கும், அம்மாவுக்கு வாந்தி வரும்" என்பீர்கள். சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். படுக்க இடம் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. பழனியில் பார்க்கிங் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பின்னால் படுத்திருக்கிறேன். தஞ்சாவூரில் மூடிய மருந்துக்கடையின் படியில். மழை பிடித்துக்கொண்டால் லாட்ஜின் ஜெனரேட்டர் அறையில், டீசல் நாற்றத்தில். காலையில் நீங்கள் குளித்துவிட்டு விபூதியோடு இறங்கி வந்து, "என்ன, நல்லா தூங்கினியா?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பின்கதவைத் திறப்பீர்கள்.

கும்பகோணம் கல்யாணத்துக்கு விடியற்காலையிலிருந்து ஓட்டி வந்தேன். அன்று இரவும் சாவி உங்களோடு மாடி ஏறிவிட்டது, எனக்கு மண்டப வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. மறுநாள் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டி, நல்ல வெயிலில் கண் அசந்துவிட்டது. வலப்பக்கம் முழுவதும் நடுச்சுவரில் உரசி, இரண்டு கதவும் உள்ளே அமுங்கின. அம்மாவின் நெற்றி முன் சீட்டில் இடித்து வீங்கியது. நான் தூங்கியது உண்மை. அதை யாரிடமும் மறுத்ததில்லை. என்னை அங்கேயே இறக்கிவிட்டு, போன் போட்டு வேறு டிரைவரை வரவழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நான் பஸ் பிடித்து அம்பத்தூர் வந்து சேர்வதற்குள் உங்கள் அயனம்பாக்கம் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குரூப்பில் என் லைசென்ஸ் படம் ஏறியிருந்தது. 'வண்டி ஓட்டும்போது தூங்குபவர். யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்.' அங்கிருந்து அது எந்தெந்த குரூப்புக்கெல்லாம் போனதோ, நான் வேலை கேட்டுப் போன ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முன்னால் போய் நின்றது. சக டிரைவர்கள் எனக்குக் 'கொட்டாவி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டெம்போவுக்கு மூட்டை ஏற்றினேன். சாவி யாரிடம் இருந்தது என்று நீங்கள் குரூப்பில் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு, சொந்தமாக ஒரு பழைய கார் எடுத்து வெளியூர் வாடகைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்தேன். பட்டாபிராமில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் டில்லியைக் கூட்டிக்கொண்டு, பூந்தமல்லி ரோட்டில் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனேன். அவன் பானெட்டைத் திறந்து பார்த்தான். நான் ஒவ்வொரு வண்டியாக ஏறிப் படுத்தேன்.

"இன்னா மாமே, வண்டி வாங்க வந்தியா, கட்டில் வாங்க வந்தியா?"

விற்கிறவர் குழம்பிப்போய்விட்டார். "தலைவரே, எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க. நீங்க இன்னா, செருப்பக் கயட்டிட்டு ஏறுறீங்க?"

"இஞ்சின நான் பாத்துக்கறேம்பா," என்றான் டில்லி. "அவன் முதுகுக்கு ஒத்துக்குதான்னு அவன் பாக்கட்டும்."

உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, சார், அதனால் சொல்கிறேன். சீட் சாய்கிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. சாய்த்த பிறகு இடுப்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பக்கம் படுத்தால் முழங்கால் போய்விடும். இடப்பக்க சீட்டை முன்னால் தள்ளி, தலை வைக்கிற மெத்தையைக் கழற்றிவிட்டுச் சாய்த்தால், சில வண்டிகளில் அது பின் சீட்டோடு சேர்ந்து பலகை மாதிரி நிற்கும். சிலவற்றில் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும், அதைப் போர்வை சுருட்டி அடைக்கலாம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவலை மாட்ட வழி இருக்க வேண்டும். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, இஞ்சினை ஓடவிட்டு, ஏசியில் தூங்கி எழுந்திருக்காமல் போனவர்களின் வீட்டுக்கு நான் மாலையோடு போயிருக்கிறேன்.

அங்கே படுத்துக்கொண்டிருந்தபோதுதான் டில்லி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"டேய், இது உங்க சாரு வண்டிதானே?"

உங்கள் வண்டிதான். உங்கள் மகன் விற்பனைக்குப் போட்டிருந்தார். 'ஒரே ஓனர். நல்ல பராமரிப்பு. விபத்தில் சிக்காத வண்டி.'

டில்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கொட்டாவி, நீ இடிக்கவே இல்லியாமேடா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு உங்கள் குடியிருப்புக்குப் போனேன். வண்டி பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் உங்கள் மகன் சாவியோடு கீழே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் சாவியைக் கொடுத்தார். நான் முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் இடத்தில் தலை வைத்துப் படுத்தேன்.

"என்ன ப்ரோ பண்றீங்க? ஓட்டிப் பாருங்க."

"ஓட்டிப் பாத்திருக்கேன் சார், ஆறு வருஷம். படுத்துதான் பாத்ததில்ல."

முழங்காலை மடக்கியும் கதவு இடித்தது. சீட் நடுவில் மேடு. பெல்ட்டின் கொக்கி விலா எலும்பில் குத்தியது. நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஆன பள்ளத்தில் என் கழுத்து தொங்கியது. எனக்குத் தராமல் பூட்டிக் காத்தீர்களே, அது இதுதானா என்று ஆத்திரமாக வந்தது. எழுந்து வெளியே வந்து, பெயிண்ட் நிறம் ஒட்டாத வலப்பக்கக் கதவைத் தட்டினேன்.

"விபத்தில் சிக்காத வண்டின்னு போட்டிருக்கீங்க."

"அது சின்ன உரசல் ப்ரோ. அதெல்லாம் ஆக்சிடென்ட்ல சேராது."

"அப்ப எதுக்கு என் லைசென்ஸ குரூப்ல போட்டாரு?"

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "குரூப்ல ஒரே ஒரு வரி போடுங்க. அன்னைக்கு ராத்திரி கீ எங்க அப்பாகிட்ட இருந்துச்சு, டிரைவருக்குப் படுக்க எடம் குடுக்கலன்னு. நீங்க சொல்ற வெலைக்கே இந்த வண்டிய எடுத்துக்கறேன்."

"அப்பா இப்போ இல்ல ப்ரோ. அவரைப் பத்தி நானே எப்படி எழுதறது? வேணும்னா ரேட்ட இன்னும் கொறச்சுக்கறேன்."

"நான் ரேட்டு கேக்கல சார்."

லிஃப்ட் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த இரவு அவரும் உங்களோடு மாடி ஏறியவர். "நீங்க சொல்லுங்கம்மா. கீ யார்கிட்ட இருந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "அவரு போயிட்டாருப்பா. இனிமே அதெல்லாம் எதுக்கு."

"அவரு பூட்டாரும்மா," என்றான் டில்லி. "அவரு போட்ட மெசேஜ் போவலியே. அது இன்னும் சுத்திகினுதான் கீது."

அம்மா லிஃப்டுக்குள் போய்விட்டார். சாவியை வண்டியின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் வண்டியைப் பார்த்த புரோக்கர்கள் ஒவ்வொருவராக எனக்குப் போன் போட்டு வண்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். வண்டியை ஓட்டியவன் நான் என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னேன். விபத்தைச் சொன்னேன், நான் தூங்கியதைச் சொன்னேன், முந்தின நாள் இரவு நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், எதனால் என்பதையும் விடாமல் சொன்னேன். உங்கள் மகன் எழுத மறுத்த வரியை இப்போது அம்பத்தூரிலும் ஆவடியிலும் கார் வாங்கி விற்கிறவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வண்டி விற்கவில்லை. கவர் போர்த்தித் தூணோரம் நிற்கிறதாம், இரண்டு டயரில் காற்று இறங்கிவிட்டதாம். வாட்ச்மேன் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

நான் வாங்கியது ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. நிறம் பார்க்கச் சகிக்காது. பின்னால் இருக்கும் இரண்டு வரிசையையும் மடக்கினால் தரை சமமாக வரும். எடுத்த அன்றைக்கே வெள்ளானூர் பக்கம் ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, ஒரு மெத்தை விரித்துப் படுத்தேன். இரண்டு காலும் முழுசாக நீண்டன. தலைக்கு மேல் கையை நீட்டினாலும் எதுவும் இடிக்கவில்லை.

ஆனால் தூக்கம் வரவில்லை, சார். ஒரு மணி நேரம் புரண்டுவிட்டு முன் சீட்டுக்குப் போய், முதுகை நேராக வைத்து, கையை மடியில் போட்டு உட்கார்ந்தேன். உடனே தூங்கிவிட்டேன். வீட்டிலும் அப்படித்தான். பாயில் படுக்கிறவன் பாதி இரவில் சுவரோரம் போய் உட்கார்ந்து தூங்குகிறேன். யாராவது மாடிப்படி இறங்கி வரும் சத்தம் கேட்டால் போதும், கண் திறப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுகிறேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இதை உடம்பிலிருந்து கழற்றப் பார்க்கிறேன். தினமும் கொஞ்ச நேரம் பிடிவாதமாகப் படுத்துக் கிடக்கிறேன். நேற்று அரை மணி நேரம் கால் நீட்டியபடியே தூங்கியிருக்கிறேன். ஒரு நாள் விடியும்வரை அப்படித் தூங்கி எழுந்து, பல் விளக்கி, டீ குடித்து, அடுத்த வாடகைக்குக் கிளம்பிவிடுவேன். அன்றைக்கு உங்கள் நினைவே வராது. அந்த நாள் வரும்வரை உங்களை மன்னிப்பதாக இல்லை.