வெண்குடைத் தேரை முந்தலாமா

நலம் பெருகுக. ஆமைக்கொடி உயர்த்தோனும், அவசரம் அறியாச் செங்கோலோனும், கோடை கழியக் குன்றின்மேல் எழுந்தருளியிருப்போனுமாகிய பெருமான் நெடுமாவேளின் திருவடிக்கு, தலைநகர் மருதவாயிலில் வெயில் காயும் அமைச்சன் நன்னாகன் வரையும் ஓலை. நாட்டில் மழை போதும், நெல் மிகுதி, அமைச்சனின் அறிவு மட்டும் வழக்கம்போல் பற்றாக்குறை.

இவ்வோலையில் அமைச்சன் தன்னைப் பிறனொருவனாகவே குறிப்பான். இத்தனை மடமையை ‘நான்’ என்னும் சின்னஞ்சிறு சொல் தாங்காது.

அவன் செய்த வினை இது. கடல் கடந்து வந்த எயினி என்பாள், தேர்ப்பந்தயப் பெட்டி ஒன்றைத் திருவிழாவுக்கெனக் கடைத்தெரு மண்டபத்தில் நிறுவினாள். காசிட்டு இருக்கையில் அமர்ந்து கடிவாளம் பற்றினால், எதிரே வண்ணத்திரை உருளும், சாலை ஓடும், மரத்தேர்கள் குறுக்கே பாயும். நீர்க்கடிகை வடிவதற்குள் முதல் தேரை முந்தினால் மணி ஒலிக்கும், முந்தியவன் வென்றவன். மற்ற நாடுகளில் சோறு தண்ணீர் மறந்து மக்கள் மொய்த்த பெட்டி. அதைக் கண்டு மகிழ்ந்த அமைச்சன், சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? தங்களைச் சிறப்பிப்பதாக எண்ணி, ஓவியனை அழைத்து அம்முதல் தேரின்மேல் தங்கள் வெண்கொற்றக்குடையை வரைவித்தான்.

குடை கொண்ட தேரை முந்துதல் இந்நாட்டில் குற்றம் என்பது, பால்குடிக்கும் குழந்தையும் அறிந்தது. அமைச்சன் அதை மறந்தான்.

முதல் நாள் கூட்டம் தெருமுனை வரை நின்றது. ஏறியவர் எல்லாம் பறந்தனர், குடை தெரிந்ததும் கடிவாளத்தை இழுத்துக் கைகூப்பி நின்றனர், நீர் வடிந்தது, இறங்கினர். அமைச்சன் ஓர் உப்பு வணிகனிடம், முந்தினால் என்ன என்று வினவினான். “முந்திடலாம் சாமி, அப்புறம் வீட்டுக்குத் தலையோட போகணுமே!” என்றான் அவன். மறுநாள் கூட்டம் பாதி. இப்போது மண்டபத்தில் எயினியும் இரண்டு புறாக்களும். ஒரு மூதாட்டி மட்டும் நாள்தோறும் வந்து, பெட்டிக்குச் சூடம் காட்டிவிட்டுப் போகிறாள்.

“எங்க ஊர்ல ஏறுனவங்களை இறக்குறதே எனக்கு வேலைங்கய்யா. இங்க ஏத்துறதுக்கு ஆள் தேடுறேன்” என்றாள் எயினி. அமைச்சன் புறாக்களைப் பார்த்தான்.

புலவர் அவையோ பெட்டியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. வெல்லவொண்ணாமை இதன் குறையன்று, அதுவே இதன் உட்பொருள் என்றும், அரசன்பின் நிற்றலே குடிகளின் வீடுபேறு என்றும் பெரும்புலவர் காரிக்கண்ணனார் உரை வகுத்துள்ளார். அவர் இன்றுவரை பெட்டியில் ஏறவில்லை. ஏறினால் கருத்துக் கலங்குமாம்.

பெருமானே, இனித்தான் வயிறு எரியும் இடம். வென்றார் ஒருவரும் இல்லாத ஆட்டப்பெட்டி ஏமாற்றுப்பெட்டி. திருவிழாக் கொடி இறங்குமுன் அதனைப் பிளந்து மடைப்பள்ளிக்கு விறகாக்குக என்பது தங்கள் பாட்டனார் விதி. கொடி நாளை இறங்குகிறது. தச்சர் கோடரியோடு மண்டப வாயிலில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கின்றனர். ஆணையில் இலச்சினை இட வேண்டியவனும் இதே அமைச்சனே. எயினிக்கு வேறு பெட்டி இல்லை. பெட்டியின்றி ஊர் திரும்பக் கப்பற்கூலியும் இல்லை.

குடையை அழித்துவிடலாமே எனில், ஓவியன் தூரிகையை எறிந்துவிட்டு ஓடினான். குடையைச் சுரண்டுவது முந்துவதினும் பெருங்குற்றமாம். படத்துக் குடை குடையா என்று சேனாபதியைக் கேட்டால், படம் படம்தான், ஆயினும் குடை குடைதான் என்கிறார். இறுதியில் அமைச்சனே ஏறினான், தான் வென்றாவது அவளைக் காப்போம் என்று. குடை தெரிந்ததும் கை தானாகக் கடிவாளத்தை இழுத்தது; வாய் தானாக வாழ்த்துக் கூறியது. எயினி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

முன்னர் விடுத்த ஓலைக்கு ‘ஆவன செய்க’ என்று அருளினீர்கள். அடுத்ததற்குத் ‘தக்கவாறு செய்க’ என்றீர்கள். எது ஆவது, எது தக்கது என்று அறிந்தவன் அமைச்சனாக ஏன் இருக்கிறான்? ஆதலின் காலில் விழுந்து கேட்பது ஒன்றே: தங்கள் தேரைக் குடிகள் முந்தலாமா, கூடாதா?

ஆமை இலச்சினை இட்டு, விரைவுக் குதிரையில் விடுத்தது. குதிரைக்காவது விரைவு இருக்கட்டும்.

*இவ்வோலையின் புறத்தே, கொடி இறங்குமுன் திரும்பி வந்தபோது, பெருமான் தம் கையால் கீறியிருந்தது:*

முந்தலாம். யாவரும். முதலில் நீ.