பஞ்சடைத்த கம்ப்யூட்டரும் ஞாயிற்றுக்கிழமை லாரியும்

சூலூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஹாரிகாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் வலது முட்டி மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. ராட்டர்டாமில் நீயும் நலமாக, வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதை நான் மறக்கவில்லை, ஆகவேதான் இந்த மெயில்.

போன ஞாயிறு கம்ப்யூட்டர் விளையாட்டில் நாம் சேர்ந்து லாரி ஓட்டும்போது என் வண்டி நடுரோட்டில் நின்று நின்று நகர, "இந்தப் பழைய கம்ப்யூட்டர் இனித் தாங்காதுங்கப்பா, இனிமே ஞாயித்துக்கெழம போன்லயே பேசிக்கலாம்" என்றாய். சொல்லிவிட்டு நீ கடைக்குப் போய்விட்டாய், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போனில் நாம் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியாதா. சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி அம்மாவிடம் கொடுக்கிறேன், அவ்வளவுதான். லாரியில்தான் நீ உன் மேனேஜரைத் திட்டுவாய், நான் எனக்கு வரவேண்டிய பதவியைத் தட்டிக்கொண்டு போன தமிழ்ச்செல்வனைத் திட்டுவேன், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அதனால் பத்தாயிரம் ரூபாய்க்குள் இந்தக் கம்ப்யூட்டரைத் தேற்றிவிடுவது என்று முடிவுகட்டி, நீ காலேஜ் படிக்கும்போது இதை வாங்கிய அதே கலீல் ரஹ்மான் கடைக்குக் கோயமுத்தூர் போனேன். புது கிராபிக்ஸ் கார்டு கேட்டேன். அவர் மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர். "போட்டுக்கலாமுங்க சார், ஆனா அதுக்குப் பவர் சப்ளை பெருசா வேணுமுங்க, அது உங்க பெட்டில உக்காராதுங்க, பெட்டியும் மாத்தோணுமுங்க, அப்புறம் உங்க ப்ராசஸருக்கு வயசாயிருச்சுங்க" என்று ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஒரு படி ஏற்றி ஐம்பதாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பம்ப் கம்பெனியில் ஆயுசு முழுக்கப் பர்ச்சேஸ் பார்த்தவனிடமா இது நடக்கும்? மோட்டார் வாங்க வந்தவன் தலையில் கிணற்றையும் சேர்த்துக் கட்டுகிற வித்தை எனக்குத் தெரியும். இருக்கிற பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே கம்ப்யூட்டரே இல்லை, வெறும் பஞ்சு. எல்லாம் அடுத்த வீட்டு உன் சித்தப்பா அழகிரிசாமியின் தறிப்பட்டறையிலிருந்து ஜன்னல் வழியாக வந்து குடியேறியது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஒரு தலகாணிக்கு ஆகுமுங்க" என்றாள். விசிறி மூச்சுத் திணறி, சூடு ஏறி, உயிர் பிழைத்தால் போதும் என்று கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. கிணற்றுக்குள் குழாயின் அடிவாயில், ஃபுட்வால்வில், இலை அடைத்திருக்க மேலே மோட்டாரை மாற்றுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே வயதானவன் நான். நானும் அதையே செய்யப் போன விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன், சைக்கிள் பம்பால் அடித்தேன், பஞ்சு இடம் மாறி உட்கார்ந்ததே தவிர வெளியே வரவில்லை. தெருவில் காற்றடிக்கிற கம்ப்ரசர் வைத்திருப்பது உன் சித்தப்பா ஒருவர்தான். தன் புதுவீட்டு விசேஷப் பத்திரிகையில் ஊரார் அத்தனை பேருக்கும் பட்டம் பதவி போட்டுவிட்டு, என் பெயருக்குப் பின்னால் மட்டும் பி.இ. போடாமல் விட்டாரே, அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அம்மாவைப் போய்க் கேட்கச் சொன்னேன். "லாரி ஓட்டறது நீங்கதானுங்களே" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

போனேன். உனக்காகத்தான் போனேன், குறித்துக்கொள். தறிச் சத்தத்தில் நான் கேட்டது அவர் காதில் ஏறவில்லை. இன்னும் கத்தினேன், அவர் வாங்க வாங்க என்று தலையை மட்டும் ஆட்டினார். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தறிகளெல்லாம் ஒரேயடியாக நிற்க, "சகலை, நீங்க இல்லீன்னா எனக்கு ஆகாதுங்க!" என்ற என் குரல் மட்டும் பட்டறை முழுக்கக் கணீரென்று கேட்டது. தறி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் சித்தப்பா நிதானமாகத் துண்டை உதறிவிட்டு, "இதச் சொல்றதுக்குத்தானுங்களா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தீங்க" என்றார். ஓர் இன்ஜினியருக்கு நேரக்கூடாத அவமானம். கரண்ட் வந்ததும் அவர் கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றடிக்க, விசிறி தறிகெட்டுச் சுற்றாமல் நான் விரலால் பிடித்துக்கொள்ள, கிளம்பிய பஞ்சில் இருவருமே சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிப்போனோம். பிறகு ப்ராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டை இழுக்கிற பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினேன், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். கலீலிடம் ஒரு ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் மட்டும் வாங்கினேன், அவர் முகம் சுருங்கியது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். பத்தாயிரத்தில் பாதி மிச்சம். கார்டு அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது லாரி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

ஒரே ஒரு தொந்தரவு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்த உன் சித்தப்பா பிரான்ஸில் ஒரு டோல்கேட்டை இடித்துவிட்டு, "காசு கேக்கறானுங்க, ஒடச்சுப்போட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிளீனராக வருகிறாராம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த பி.இ. விஷயத்தையும் கேட்டேவிட்டேன். "அதப் போட்டா உங்க பேரு ரெண்டாவது வரிக்குப் போகுதுன்னு பிரஸ்காரர் சொன்னாருங்க, சகலை பேரு மொத வரில இருக்கோணும்னுதான் எடுத்துப்போட்டேன்" என்கிறார். பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், முதல் வரிதான். இருந்தாலும் எழுத்தைச் சின்னதாக்கியிருக்கலாம்.

காரமடை ரங்கநாதர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் கம்ப்யூட்டரையும் ஒருமுறை திறந்து பார், அந்த ஊரில் பஞ்சு இல்லாவிட்டாலும் தூசி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு, உன் ஊர்த் துறைமுகத்துக்குப் பிரியும் சாலையில் உள்ள பெட்ரோல் பங்கில் நாலு விளக்கையும் எரியவிட்டு நிற்பேன். நீ வந்து ஆரன் அடிக்கும்வரை வண்டியை எடுக்க மாட்டேன், கிளீனர் என்ன சொன்னாலும் சரி.

உன் அப்பா,
ரா. வெங்கடபதி, பி.இ.