இஸ்திரிக்காரம்மாவின் இரண்டு பிள்ளைகள்

பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நீ நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் இங்கே ஏதோ இருக்கிறோம். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதிரே நின்றால்தான் விழுங்குகிறார். குளியலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லியே நாளைக் கடத்துகிறார், நான் வாளியை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், நீ நடுநடுவே கேள்வி கேட்பாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதோடு கடிதம் எழுதுகிற சாக்கில் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரியும் இருக்கும்.

உறவுக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருகிறார்கள் என்று நீ அங்கே எச்சிலைத் துப்பி ஒரு கம்பெனிக்கு அனுப்பினாயே, அது இங்கே வந்து கதவைத் தட்டிவிட்டது. நீ சொன்ன அந்த மனிதர் போன வாரம் நேரிலேயே வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவராம். உன் அப்பாவின் பாட்டியை இஸ்திரிக்காரம்மா என்றுதானே நம் வீட்டில் சொல்வோம், துரை பங்களாவில் துணி தேய்த்தவள். துரைக்கும் அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தது பையன், துரையின் நிறம். இளையது பெண், தாயின் நிறம், அதுதான் என் மாமியார். துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது நடை பழகியிருந்த பையனை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வந்தவர் அந்தப் பையனின் மகன். உன் அப்பாவுக்குத் தாய்மாமன் மகன். உன் அத்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கட்டிக்கிற முறைக்காரன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்றாள். அவருக்கு நம் பேச்சு தெரியாது, போனில் பேசினால் போன் நம் பேச்சில் சொல்லும். அத்தை சொன்னதை அது என்னவென்று மாற்றிச் சொன்னதோ, மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார்.

சிரித்தது அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவள் என்று இஸ்திரிக்காரம்மாவைத் தெருவே பேசியிருக்கிறது, உங்களிடம் நாங்கள் சொன்னதில்லை. அந்தப் பேச்சில் அதிகம் அடிபட்டது உன் பெரியப்பாதான். லேத் பட்டறையில் கடைசி வரை அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, துரை, துரை என்றே கேலி. பேசி முடித்த சம்பந்தம் ஒன்று இதனாலேயே தட்டிப்போனது, அப்புறம் அவர் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. வருகிற செய்தியைச் சொன்னதும், அந்த ஆள் இருக்கிற வரைக்கும் நான் மாடியை விட்டு இறங்க மாட்டேன், எனக்குச் சாப்பாட்டை மேலேயே கொடுத்துடு என்றுவிட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு வேளாவேளைக்குப் படியேறி என் முழங்கால் கழன்று விழாத குறைதான்.

மூன்றாம் நாளோ என்னவோ, எல்லோரும் கூடத்தில் இருந்தோம். வந்தவர் சொன்னார், பெற்றதுமே அம்மா இறந்துவிட்டாள் என்றுதான் தன் அப்பாவிடம் சொல்லி வளர்த்தார்களாம், அப்பாவும் சாகிறவரை அப்படியே நம்பியிருக்கிறார். அத்தை பதறிப்போய், யார் சொன்னா, என் கல்யாணத்துல முன்னால உட்கார்ந்து சாப்பிட்டவளாச்சே என்றாள். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. போனை எடுத்து ஏதோ சொன்னார், அது கேட்டது, அவர் தம் மகனை விருப்பத்துடன் கொடுத்தாரா என்று. உன் அப்பா சுவரைப் பார்த்தார். யாருக்கு என்ன தெரியும்?

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெரியப்பா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். கொடுக்கல என்றார். தாத்தா பாட்டிகிட்ட காட்டிட்டு அடுத்த வருஷம் கூட்டிட்டு வரேன்னு சொல்லித்தான் தூக்கிட்டுப் போனான், அவ நம்பினா. வந்தா போட்டுக்கட்டும்னு வருஷா வருஷம் ஒரு சட்டை தைச்சு வெச்சா, இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பான்னு அவளா ஒரு அளவு எடுத்து. அவன் வரல. அத்தனையும் நான்தான் போட்டுக் கிழிச்சேன், நான் பள்ளிக்கூடம் போனதே உங்கப்பன் சட்டையிலதான் என்றார். போனில் பேசமாட்டேன் என்று தள்ளிவிட்டார், நான்தான் வாங்கிச் சொன்னேன். அழுகையில் என் பேச்சு குழறியது, புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்றது அது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன் பாப்பா, என்னால் முடியவில்லை.

எந்த வயது வரை தைத்தாள் என்று அவர் கேட்டார். மீசை முளைக்கிற வயசு வரைக்கும், அதுக்கு மேல அளவு அவளுக்குப் பிடிபடல, ஒண்ணு மட்டும் சொல்றேன், எல்லாச் சட்டையிலும் கை நீளம், நான் மடிச்சு மடிச்சுதான் விட்டுப்பேன் என்றார் பெரியப்பா. அதை போன் சொல்லி முடித்ததும் அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அப்பாவுக்கு இரண்டு கையும் ரொம்ப நீளமாம், கடையில் வாங்கிய எந்தச் சட்டையும் மணிக்கட்டு வரை எட்டியதே இல்லையாம்.

அன்று பெரியப்பா கீழே எங்களோடு சாப்பிட்டார். வந்தவரை வழியனுப்பத் தெருமுனை வரை அவரே போனார். இத்தனை வருஷம் ஏன் சொல்லல என்று பிறகு நான் கேட்டேன். யாரு கேட்டாங்க என்றார். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அவர் உன் ஊருக்கும் ஒருநாள் வருவார். அங்கிள் என்று கூப்பிட்டு வைக்காதே, உனக்கு மாமா முறை, அந்தச் சொல்லை அவர் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பெரியப்பாவிடம் பேசு. அவருக்குக் காது சரியாகக் கேட்காது, பதில் வரத் தாமதமாகும், வைத்துவிடாதே. பட்டறையைப் பற்றியோ, தெருவைப் பற்றியோ, எதையாவது கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா